கடன் தீர்ந்த வீடும் தீராத வரியும்

அமெரிக்க முதியோரின் சொத்துவரிச் சுமையும் அதற்கு ஏற்பட்டுள்ள பரிகாரங்களும்

2023-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி அமெரிக்க உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, அந்நாட்டு முதியோர் வாழ்க்கையில் நெடுங்காலமாக மறைந்து கிடந்த ஒரு துன்பத்தைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொணர்ந்தது. மினியாபொலிஸ் நகரில் ஒரே படுக்கையறை கொண்ட சிறு குடியிருப்பொன்றை 1999-இல் வாங்கிப் பத்து வருஷங்களுக்கு மேல் அதில் தனியே வசித்துவந்த ஜெரால்டின் டைலர் என்னும் மூதாட்டி, வயது ஏற ஏறத் தம் பாதுகாப்பைக் குறித்து உண்டான கவலையினால், குடும்பத்தாரின் யோசனைப்படி 2010-இல் முதியோர் வாழும் வேறோர் இடத்துக்குச் சென்றுவிட, பழைய வீட்டின் வரி செலுத்தப்படாமல் நின்றது. வரி என்று நின்றது சுமார் 2,300 டாலர்தான். வட்டியும் அபராதமும் பிற செலவுகளுமாகச் சுமார் 13,000 டாலர் அதன்மேல் ஏறிப் பாக்கி 15,000 டாலராகவே, ஹென்னபின் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் அவ்வீட்டைக் கைப்பற்றி 40,000 டாலருக்கு விற்று, பாக்கி போக எஞ்சிய 25,000 டாலரையும் தன் கஜானாவிலேயே சேர்த்துக்கொண்டது. அம்மையார் 94-ஆம் வயதில் இருந்தபோது வெளிவந்த தீர்ப்பில், வரிப்பாக்கிக்கு மேற்பட்ட பணத்தைச் சர்க்கார் வைத்துக்கொள்வது, நஷ்டஈடின்றிப் பிரஜையின் சொத்தைப் பறிப்பதேயாகும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர்.

நியாயமான தீர்ப்பு அது. ஆனால் வீடு விற்ற பின் மிஞ்சிய பணம் யாரைச் சேரும் என்பதையே நீதிமன்றம் ஆராய நேர்ந்தது. வயோதிகர் ஒருவருடைய வீடு வரிக்காக விலைபோகும் நிலைமை ஏன் உண்டாக வேண்டும் என்பது அதன் முன் வந்த வழக்கன்று. தலைநகராகிய வாஷிங்டனிலேயே, ஞாபகசக்தி குன்றிய 76 வயது முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், வெறும் 134 டாலர் பாக்கியில் தொடங்கிய விவகாரத்தின் முடிவில் தம் வீட்டையே இழந்த கதையை 2013-இல் ஒரு நாளிதழ் விரிவாக வெளியிட்டதும், அதன் விளைவாக நகரசபை தன் சட்டத்தைத் திருத்த நேர்ந்ததும் இதே துன்பத்தின் மற்றொரு முகமாகும். முதியோருக்கெனச் சொத்துவரிச் சலுகை ஏதேனும் ஒன்று அநேகமாக அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. இத்தனை பரிகாரங்கள் இருந்தும் முதியவர் ஏன் தவிக்கிறார் என்று ஆராய்ந்து பார்த்தால், நிவாரணத்தை வயதைக் கொண்டு அளப்பதும், மனு வரும்வரை அதைக் கொடாது காத்திருப்பதும் ஆகிய இரு பிழைகளே அதன் காரணமாகத் தென்படுகின்றன.

வருமானத்தை அறியாத வரி

நம் ஊர் நகராட்சிகளில் வீட்டுவரி வழிவழியாக வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை ஆதாரமாகக் கொண்டு விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அமெரிக்காவிலோ பெரும்பாலான இடங்களில் வீடு சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்று மதிப்பீட்டாளர் கணிக்கிறாரோ அதுவே வரிக்கு அடிப்படை. சம்பாத்தியம் குறைந்தால் வருமான வரி தானே குறைந்துவிடும். வாங்குவது சுருங்கினால் விற்பனை வரியும் சுருங்கிவிடும். ஆனால் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, துணையையும் இழந்து, ஒரே ஓய்வூதியத்தில் ஜீவனம் நடத்தும் கிழவியின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை ஒரு செல்வந்தர் பெருவிலை கொடுத்து வாங்கினால், அவளுடைய வருமானத்தில் ஒரு காசும் கூடாதபோதே அவளுடைய வரி கூடிவிடுகிறது. விலையேற்றத்தின் லாபமோ வீட்டை விற்றாலன்றிக் கைக்கு வராது. விற்றுவிட்டாலோ இருக்க வீடில்லை.

இதன் கடுமையை உணர நியூ ஜெர்சியைப் பார்த்தால் போதும். நாட்டிலேயே மிக அதிகமான சொத்துவரி வாங்கும் அம்மாநிலத்தில், 2024-இல் ஒரு வீட்டின் சராசரி வரி 10,000 டாலரைத் தாண்டியது. ஓய்வு பெற்ற தொழிலாளிக்குச் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து கிடைக்கும் மாதத் தொகை 2025-இன் தொடக்கத்தில் தேச முழுமைக்கும் சராசரியாக 2,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு வருமானத்தையே நம்பியிருக்கும் ஒருவர் சராசரி வீடொன்றுக்கு வரி கட்டினால், வருஷ வருமானத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதற்கே போய்விடும். மருந்தும் உணவும் குளிர்காலத்துக் கணப்பும் எஞ்சியதில் அடங்கியாக வேண்டும்.

வீட்டுக்கடன் கட்டிவரும் காலமெல்லாம் மாதத் தவணையோடு வரிக்குரிய பங்கையும் சேர்த்து வாங்கிக் கடன் கொடுத்த நிறுவனமே நிர்வாகத்துக்குச் செலுத்திவிடுவது அங்கே பெருவழக்கு. முப்பது வருஷம் உழைத்துக் கடனை அடைத்த பிறகுதான், ஆயிரக்கணக்கான டாலரை மொத்தமாகக் கேட்கும் வரிச்சீட்டு முதன்முறையாக வீட்டுக்காரர் பெயருக்கு நேரே வந்து சேருகிறது. கணக்கு வழக்குகளையெல்லாம் கணவரே பார்த்துவந்த குடும்பத்தில், அவர் காலமான பின் வரும் அந்தச் சீட்டு எத்தகைய திகைப்பை உண்டாக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

ஆயினும் இவ்வரி வீணாகும் வரியன்று. கல்விச் சாலைகள், தீயணைப்புப் படை, காவல், நூல்நிலையம், தெருக்கள் ஆகிய ஸ்தல நன்மைகள் அனைத்துக்கும் இதுவே உயிர்நாடி. எனவே ஒருவருக்கு அளிக்கும் சலுகையின் பாரம், வேறு வழி செய்யாவிடில், அண்டை வீட்டாரின் தலையில் ஏறும். அல்லது பள்ளிக்கூடத்தின் வரவில் குறையும். முதியோரிடம் இரக்கம் வேண்டுமென்பதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. அந்த இரக்கத்தின் செலவை யார் ஏற்பது என்பதில்தான் நியாயம் சிக்கிக்கொள்கிறது.

கலிபோர்னியா கண்ட வழி

1970-களில் கலிபோர்னியாவில் வீட்டு விலைகள் கட்டுக்கடங்காமல் ஏறிச் செல்ல, மதிப்பீடும் வரியும் அவற்றைத் தொடர்ந்து ஏறின. தம் கையால் கட்டிய வீட்டையே வரிக்கு அஞ்சி விட்டுப் போக நேருமோ என்ற பீதி முதியோரிடையே பரவிற்று. அந்தப் பீதியும், வரி மீது பொதுவாக மூண்டிருந்த கோபமும் சேர்ந்து, ஹோவர்டு ஜார்விஸ், பால் கேன் ஆகிய இருவரும் முன்னின்று கொணர்ந்த 13-ஆவது பிரேரணையாக உருவெடுத்தன. அது 1978 ஜூன் 6-ஆம் தேதி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்காளரின் ஆதரவோடு நிறைவேறிற்று. பொது வரி சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது. மதிப்பு 1975-76-ஆம் வருஷத்து நிலைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் அதை உயர்த்தலாகாது. சொத்து கைமாறும்போதுதான் புதிய சந்தை விலை கணக்கில் வரும் என்பவை அதன் சாரம். அடுத்த வருஷத்து வரி எவ்வளவு என்பதை இந்த வருஷமே அறிந்து நிம்மதியாக உறங்கும் பாக்கியத்தை அது பல லட்சம் முதியோருக்கு அளித்தது என்பதை அதன் எதிரிகளும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்நிம்மதிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களுக்குப் பின்வந்தவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1988-இல் 1,70,000 டாலருக்கு ஓர் எளிய வீட்டை வாங்கிய ஸ்டெஃபனி நார்ட்லிங்கர், அதே போன்ற வீடுகளில் 1975 முதல் இருந்துவரும் அண்டை அயலார் சிலரைவிடத் தாம் ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி செலுத்துவதை அறிந்து வழக்குத் தொடுத்தார். மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறும் மாளிகையைப் பழைய நாளிலேயே வாங்கியிருந்தவர் கட்டிய வரிக்கும் அவர் கட்டிய வரிக்கும் சில டாலர்களே வித்தியாசம் என்பது அவ்வழக்கில் வெளியாயிற்று. 1992-இல் உச்சநீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் அபிப்பிராயப்படி அந்த ஏற்பாட்டை அரசியல் சட்டத்துக்கு முரணற்றது என்று விட்டுவிட்டது. சட்டத்துக்கு முரணில்லாதது நியாயத்துக்கும் முரணில்லாதது என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை. ஏழை விதவையைக் காக்க எழுந்த கவசம், மாளிகைவாசிகளுக்கும் வணிக ஸ்தாபனத்துக்கும் அதே அளவில் பொருந்தும்படி அமைந்துவிட்டது.

மற்றொரு சங்கடமும் அதனால் விளைந்தது. பிள்ளைகள் பிரிந்து போன பின் பெரிய வீட்டை விட்டு, மாடிப்படியில்லாத சிறு வீட்டுக்குப் போக விரும்பும் முதியவர், போனால் புதிய விலைக்கு வரி கட்ட நேருமென்று அஞ்சி இருந்த இடத்திலேயே கட்டுண்டார். இந்தக் கட்டைத் தளர்த்த 1986-இலும் 1988-இலும் சிறு திருத்தங்கள் வந்தன. 2020 நவம்பரில் நிறைவேறிய 19-ஆவது பிரேரணைப்படி, 55 வயது நிரம்பியவர்கள் தங்கள் பழைய வரி மதிப்பை மாநிலத்தின் எந்தப் பகுதியில் வாங்கும் வீட்டுக்கும் மூன்று தடவை வரையில் எடுத்துச் செல்லலாம். பெற்றோரின் குறைந்த வரியை அனுபவித்துக்கொண்டே வீட்டை வாடகைக்கு விடும் வாரிசுகளின் சலுகையை அதே பிரேரணை நீக்கி, அவ்வீட்டில் தாமே குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் அதை ஓர் அளவோடு நிறுத்தியது.

வயது ஒன்றே அளவாகுமா?

மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸில் சொத்துவரியின் பாரம் மிகுதி. அதற்கேற்பச் சலுகையும் மிகுதி. 65 வயது நிரம்பியவர் விண்ணப்பித்துக்கொண்டால், அவ்வருஷத்துப் பள்ளி வரியே அவருக்கு உச்ச வரம்பாகி, வீட்டில் புதிதாக ஏதும் கட்டினாலன்றி அதற்கு மேல் ஏறாது. சொந்தக் குடியிருப்புக்குப் பள்ளி வரிக் கணக்கில் கழித்துத் தரும் மதிப்பு 2023-இல் 1,00,000 டாலராகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் இதற்கு மேல் கிடைத்துவந்த 10,000 டாலர் கழிவு அதே வாக்கெடுப்பில் 60,000 ஆயிற்று. ஜார்ஜியா மாநிலத்தின் காப் கவுண்டியிலோ 62 வயது நிரம்பினால் வருமானம் எவ்வளவாயினும் பள்ளி வரியே இல்லை.

தம் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், இனிப் பள்ளிக்குத் தாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று முதியோர் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் பிள்ளைகள் படித்த நாளில் அவ்வூர்க் கிழவர்கள் கட்டிய வரியும் அந்தப் பள்ளியை நடத்தியது. ஒரு தலைமுறை மற்றொன்றைத் தாங்குவதே சமுதாய தர்மம். ஆகையால் வயது வந்தவுடன் அதிலிருந்து விடுதலை கேட்பதற்கு வயது மாத்திரம் நியாயமாகாது. கட்டச் சக்தியில்லை என்பதோ முற்றிலும் நியாயமான காரணம். இந்த இரண்டையும் சட்டம் பிரித்தறிய வேண்டும்.

நியூ ஜெர்சியில் 2023 ஜூனில் சட்டமான ‘ஸ்டே என்.ஜே.’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 65 வயது நிரம்பிய வீட்டுக்காரரின் வரியில் பாதியை, 6,500 டாலர் வரையில், மாநிலமே ஏற்பது என்ற நோக்கம் பாராட்டத்தக்கது. ஸ்தலப் பள்ளியின் வரவு இதனால் குறையாது. செலவு முழு மாநிலத்தின்மீதும் பரவுகிறது. ஆனால் அச்சட்டம் வருமான வரம்பை 5,00,000 டாலராக வைத்தது. வருஷத்துக்கு நான்கு லட்சம் சம்பாதிக்கும் முதியவருக்கும் பொதுப்பணத்திலிருந்து வரியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தப் பணத்தில் ஒரு பங்கை வாடகை வீட்டில் குழந்தைகளோடு வாழும் இளந்தொழிலாளியும் கொடுக்கிறான் என்பதை மறக்கலாகாது.

வருமானத்தை அளக்கும் முறை

இதற்கு நேர்மாறான, என் கருத்தில் நேர்மையான, முறையை 1964-இலேயே விஸ்கான்சின் மாநிலம் கண்டது. மின்னோட்டம் அளவு மீறும்போது தானே துண்டித்து வீட்டைக் காக்கும் கருவியைப் போல, வரி வருமானத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவுடன் குறுக்கிட்டு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுப்பதால் இதை ‘சர்க்யூட் பிரேக்கர்’ முறை என்று அழைக்கிறார்கள். முதலில் முதியோருக்கென்றே பிறந்த இது, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. மிச்சிகன் 1973-இல் எல்லா வயதினருக்கும் அதை விரித்தது.

மாசசூசெட்ஸில் இது நடைபெறும் விதத்தைப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். 65 வயது நிரம்பிய ஒருவரின் வருஷ வருமானம் 30,000 டாலர் என்றும், சொத்துவரி 4,500 என்றும், குடிநீர், கழிவுநீர்க் கட்டணம் 1,000 என்றும் கொள்வோம். கட்டணத்தில் பாதியை வரியோடு சேர்த்தால் 5,000. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு 3,000. மேற்பட்ட 2,000 டாலரை மாநிலம் வருமான வரிக் கணக்கின் மூலம் கொடுத்துவிடுகிறது. வருமான வரியே கட்ட வேண்டாதவருக்கும் அது ரொக்கமாகக் கிடைக்கும். வாடகைக்குக் குடியிருக்கும் முதியோரும் விலக்கப்படவில்லை. அவர்கள் கொடுக்கும் வாடகையில் நான்கில் ஒரு பங்கு சொத்துவரியாகவே பாவிக்கப்படுகிறது. 2023-இல் இச்சலுகையின் உச்சத் தொகை இரட்டிப்பாக்கப்பட்டது. செல்வர் வீட்டுக்குப் போகும் வீண்செலவு இதில் இல்லை. துன்பம் எவ்வளவோ அவ்வளவே நிவாரணம்.

ரொக்கம் குறைந்து வீட்டின் மதிப்பு மட்டும் உயர்ந்து நிற்கும் முதியோருக்கு ஒத்திவைப்பு என்ற மற்றோர் உபாயமும் உண்டு. ஆரிகன் 1963-இல் தொடங்கிய இம்முறையில், வரியை மாநிலம் கட்டிவிட்டு வீட்டின்மீது பாத்தியதை எழுதிக்கொள்கிறது. முதியவர் வாழும்வரை கேட்பதில்லை. வீடு விற்கப்படும்போதோ அவர் காலத்துக்குப் பிறகோ வட்டியோடு பெற்றுக்கொள்கிறது. டெக்சாஸில் 65 வயது நிரம்பியவர் பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டால், நூற்றுக்கு ஐந்து வட்டியில் வரி நிலுவையாக நிற்குமேயொழிய, அவர் அங்கே குடியிருக்கும் வரையில் அந்த வரிக்காக வீட்டின்மீது யாரும் கைவைக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கடனில்லாத வீட்டைக் கொடுக்க வேண்டுமென்ற அபிமானத்தினால் பலர் இந்த உதவியை ஏற்கத் தயங்குகிறார்கள். அதைவிட வருந்தத்தக்கது சர்க்காரின் சபல புத்தி: கலிபோர்னியா தன் ஒத்திவைப்புத் திட்டத்தை, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, 2009 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. மக்கள் வீடிழந்து நின்ற அந்தக் கொடிய வருஷங்களிலேயே அடைபட்ட கதவு, 2014-இல் இயற்றிய சட்டத்தின் பயனாக 2016-இல்தான் மீண்டும் திறந்தது.

மனு என்னும் மதில்

திட்டம் எத்தனை சிறந்ததாயினும், முதியவர் அதைக் கேள்விப்பட்டு, படிவத்தைத் தேடிப் பிடித்து, ஆதாரங்களைச் சேர்த்துக் கெடுவுக்குள் கொடுத்தாலன்றிப் பிரயோஜனமில்லை. மிச்சிகன் சட்டப்படி வறியவரான வீட்டுக்காரர் சொத்துவரியிலிருந்து முழு விலக்குப் பெறலாம். அப்படியிருந்தும், 2008-ஆம் வருஷத்து நெருக்கடிக்குப் பின் டெட்ராய்ட் நகரில் பல்லாயிரம் வீடுகள் வரிப்பாக்கிக்காகப் பறிபோயின. விலை வீழ்ந்த வீடுகளுக்குப் பழைய உயர்ந்த மதிப்பே வரிக்கணக்கில் நின்றது அதற்கொரு காரணம். விலக்குப் பெறத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்கும் வழி தெரியாமல் வீடிழந்தவர்கள் பலர் என்று 2016-இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2018-இல் சமரசமாக முடிந்து, நகர நிர்வாகம் மனு முறையை எளிதாக்க இணங்கிற்று. கட்டவே வேண்டாத வரிக்காக ஒரு குடும்பம் தெருவுக்கு வருவதைவிடப் பெரிய அநியாயம் ஓர் ஆட்சியில் என்ன இருக்க முடியும்?

பத்திரத்திலுள்ள பெயர் மற்றொரு தடை. தாத்தா பெயரிலோ காலஞ்சென்ற கணவர் பெயரிலோ நிற்கும் வீட்டில் குடியிருப்பவர், தாமே உரிமையாளர் என்று காட்ட இயலாமல் சலுகையை இழக்கிறார். உயில் எழுதும் வழக்கம் குறைந்த கறுப்பின மக்களின் குடும்பங்களில் இத்துன்பம் மிகுதி. 1965-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வைத்தியர்களாகவும் பொறியாளர்களாகவும் அங்கே சென்ற நம் தமிழரின் முதல் தலைமுறையும் இன்று எழுபதும் எண்பதும் கடந்து நிற்கிறது. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் அவர்கள் வாங்கிய வீடுகளில் தனித்திருக்கும் அம்மாக்களில், வாழ்நாளெல்லாம் வரிச்சீட்டைக் கண்ணால் பாராதவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விடுமுறைக்குப் போகும்போது, பத்திரத்தில் தாயின் பெயர் இருக்கிறதா, சலுகைக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிடுவது பெரிய உபகாரமாகும். நியூயார்க் மாநிலத்தில், வரி பற்றிய அறிவிப்பின் நகல் மகனுக்கோ நம்பிக்கைக்குரிய வேறொருவருக்கோ போகும்படி முதியோர் ஏற்பாடு செய்துகொள்ளச் சட்டமே இடந்தருகிறது.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது மூன்று காரியங்கள் தெளிவாகின்றன. முதலாவது, நிவாரணம் வரிக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு அளக்கப்பட்டு, அதன் செலவை ஊராட்சியின்மீது சுமத்தாமல் மாநிலம் ஏற்க வேண்டும். இரண்டாவது, வீட்டை விற்க விரும்பாத முதியவருக்குக் குறைந்த வட்டியில் ஒத்திவைக்கும் உரிமை எங்கும் இருக்க வேண்டும். கஜானா வற்றிய வருஷங்களிலேயே அது அதிகமாகத் தேவைப்படுவதால், எக்காரணம் பற்றியும் அதை நிறுத்தலாகாது. மூன்றாவது, ஒருவருடைய வயதும் வருமானமும் வீட்டின் மதிப்பும் சர்க்காரின் ஏடுகளிலேயே பதிவாகியிருக்க, அவற்றை மறுபடியும் மனுவாக எழுதித் தரும்படி எண்பது வயதினரைக் கேளாமல், தகுதியுடையவருக்குச் சலுகையைத் தானே கணக்கிட்டு அனுப்ப வேண்டும். பாக்கி விழுந்தால், அபராதம் ஏறுமுன் ஓர் ஊழியர் நேரில் சென்று விசாரிக்க வேண்டும்.

வரி வாங்கும் உரிமை சர்க்காருக்கு உண்டு. அந்த வரியில்லாமல் பள்ளியுமில்லை, தெருவுமில்லை. ஆனால் பாக்கியைக் கண்டுபிடித்து, வட்டி கணக்கிட்டு, ஏலம் போட்டு வீட்டை விற்கும் வரையில் ஒரு படியும் தவறாமல் செல்லத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த வீட்டுக்குரியவருக்குச் சட்டம் அளித்த சலுகையைக் கொண்டு சேர்க்கவும் அதே கருத்தும் சிரத்தையும் இருந்தாக வேண்டும். அதைச் செய்யாத வரையில், வரிப்பாக்கிக்காக ஒரு முதியவரின் வீட்டை ஏலத்துக்குக் கொணரும் தார்மிக உரிமை எந்த நிர்வாகத்துக்கும் இல்லை.